கோலன்கைமாவையும் ஸ்கிளிரன்கைமாவையும் நுண்ணோக்கியில் எப்படிப் பிரித்தறிவது?

ரெண்டுமே செடியைத் தாங்கும் திசுதான், ரெண்டுக்கும் சுவர் தடிப்பு. அதனால்தான் இந்தக் குழப்பம். பூசணித் தண்டை எடுங்கள். ரெண்டும் ஒரே வெட்டில் கிடைக்கும்.

இளந்தண்டைப் புது பிளேடால், தண்ணீரில் நனைத்தபடி, குறுக்காகச் சீவுங்கள். பத்துப் பதினைந்து சீவி, இருப்பதிலேயே மெல்லியதை எடுத்து 1% சாஃப்ரானின் என்ற சிவப்புச் சாயத்தில் 2 நிமிடம் வையுங்கள். கழுவி, ஸ்லைடில் ஒரு சொட்டு கிளிசரினில் ஏற்றுங்கள்.

தோலுக்கு அடுத்து, தண்டின் மேடுகளுக்கு உள்ளே தெரிவது கோலன்கைமா. செல்களின் மூலைகளில் மட்டும் தடிப்பு இருக்கும். உயிருள்ள செல், சுவரைக் கட்டையாக்கும் லிக்னின் இல்லை, அதனால் சாயம் வெளிறியே நிற்கும். வளரும் தண்டு ஒடியாமல் வளைவது இதனால்தான். அதற்கும் உள்ளே அடர்சிவப்பாக ஒரு வளையம்: ஸ்கிளிரன்கைமா. சுவர் முழுக்க ஒரே சீரான தடிப்பு, லிக்னின் ஏறியது. முதிர்ந்தபின் பெரும்பாலும் இறந்த செல்கள். தேங்காய் நாரும், கொய்யாவில் பல்லில் நறநறக்கும் கல் செல்களும் இந்த வகைதான்.

மீதி இடத்தை நிரப்பும் மெல்லிய சுவர் செல்கள் பாரன்கைமா. சேமிப்பு அதன் வேலை. அவற்றின் இடையே சிவப்புச் சுவருடன் தெரியும் பெரிய துளைகள் நீர் கடத்தும் சைலம். அதன் இருபுறமும் உணவு கடத்தும் ஃபுளோயம் இருப்பது பூசணிக் குடும்பத்தின் முக்கிய அடையாளம், அதைத் தவறாமல் பாருங்கள்.

எல்லாமே சிவப்பாகத் தெரிந்தால் சாயம் அதிகம், இன்னும் கழுவுங்கள். செல்கள் நீண்டு தெரிந்தால் வெட்டு சாய்ந்துவிட்டது. வேறு சீவல் எடுப்பதே நல்லது.