அடுத்த பெருந்தொற்று எப்போது வரும், டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 42. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கொரோனா சமயத்தில் 11 நாள் ஆக்சிஜனில் இருந்து மீண்டு வந்தவன். அதிலிருந்து எங்காவது புது வைரஸ் என்று செய்தி வந்தாலே தூக்கம் போய்விடுகிறது. 'அதெல்லாம் நூறு வருஷத்துக்கு ஒருமுறை வருவது, இனி நம் காலத்தில் வராது' என்கிறார் நண்பர். '25 ஆண்டுகளுக்குள் இன்னொன்று வர பாதிக்குப் பாதி வாய்ப்பு' என்று எங்கோ படித்தேன். எது சரி? என் 9 வயது மகள், 'மறுபடியும் ஸ்கூலை மூடுவாங்களாப்பா?' என்று கேட்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், நீங்கள் படித்ததுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதற்காக இன்றிரவும் விழித்துக்கொண்டு படுக்காதீர்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் மிரட்டல் பாதி குறைந்துவிடும்.

உங்கள் நண்பர் உலகையே உலுக்கிய 1918 ஃப்ளூவுக்கும் 2020 கொரோனாவுக்கும் கோடு போட்டுப் பார்த்திருக்கிறார். நடுவில் இருந்ததை விட்டுவிட்டார். 1957-லும் 1968-லும் புது வகை ஃப்ளூ உலகைச் சுற்றி வந்தது. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு. 2009-ல் பன்றிக் காய்ச்சல். இடைவெளியைக் கணக்கிட்டால் 39 ஆண்டு, 11 ஆண்டு, 41 ஆண்டு. இதில் எந்தத் தாளமும் இல்லை. எச்ஐவி-யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெதுவாகப் பரவியதால் அதைப் பெருந்தொற்றாகவே பலர் நினைப்பதில்லை, ஆனால் இதுவரை 4 கோடிப் பேருக்கு மேல் அதனால் இறந்திருக்கிறார்கள். ஆக, 'எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை' என்று கேட்கும் முன் 'எவ்வளவு பெரியது' என்று கேட்க வேண்டும். 2009 அளவுக்கு ஒன்று அடிக்கடி வரலாம். 1918 அளவுக்கு ஒன்று மிக அரிது.

பயிற்சி மருத்துவர்களுக்கு இதைப் புரியவைக்க, காலியான மாத்திரை டப்பா ஒன்றில் 50 துண்டுச் சீட்டுகளை மடித்துப் போடுவேன். ஒன்றில் மட்டும் சிவப்பு மையில் ஒரு புள்ளி. ஒரு சீட்டு எடுத்தால் ஓர் ஆண்டு. எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போட்டுக் குலுக்க வேண்டும். ஒருமுறை ஒரு பெண் நாலாவது தடவையிலேயே புள்ளியை எடுத்துவிட்டார். 'அப்பாடா, இனி 50 வருஷம் நிம்மதி' என்றார் பக்கத்தில் இருந்தவர். அடுத்த ஏழாவது தடவையில் மறுபடி அதே புள்ளி! இன்னொரு குழு 80 தடவைக்கு மேல் எடுத்தும் புள்ளி வரவே இல்லை. வகுப்பு நேரம்தான் முடிந்தது. போன வருஷம் புள்ளி வந்தது டப்பாவுக்குத் தெரியாது. உங்கள் நண்பர் அதற்கு ஞாபகசக்தி இருப்பதாக நினைக்கிறார், அவ்வளவுதான்.

50-ல் ஒன்று என்று நான் சும்மா வைக்கவில்லை. கடந்த சுமார் 400 ஆண்டுகளில் பதிவான கொள்ளைநோய்களைப் பட்டியலிட்டு, எந்த அளவு நோய் எத்தனை முறை வந்தது என்று ஆராய்ந்திருக்கிறார்கள். வெள்ளத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் செய்யும் அதே வகைக் கணக்கு: சிறியவை நிறைய, பெரியவை சில. அந்தச் சரிவை நீட்டிப் பார்த்தால், கொரோனா அளவுக்கு ஒன்று வரும் வாய்ப்பு எந்த ஓர் ஆண்டிலும் 2 முதல் 3 சதவீதம் என்ற அளவில் விடை கிடைக்கிறது. கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் 2 சதவீதம் என்றால் ஓர் ஆண்டு தப்பிக்கும் வாய்ப்பு 98. அடுத்தடுத்து 25 ஆண்டுகள் தப்ப வேண்டும் என்றால் 0.98-ஐ 25 தடவை பெருக்க வேண்டும். சுமார் 60 சதவீதம் வரும். மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு 40. ஆண்டுக்கு 3 சதவீதம் என்று வைத்தால் 53. நீங்கள் படித்த 'பாதிக்குப் பாதி' இப்படி வந்ததுதான்.

இந்த எண்ணைக் கல்லில் வெட்டியதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1918 ஃப்ளூவில் இறந்தவர்கள் 1.7 கோடி என்பவரும் உண்டு, 5 கோடி என்பவரும் உண்டு, 10 கோடி வரை போகிறவர்களும் உண்டு. நம் கண்முன் நடந்த கொரோனாவுக்கே இந்தக் கதி: பதிவான மரணங்கள் 70 லட்சம் சொச்சம், 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 1.5 கோடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. எண்ணியதே இப்படி என்றால், அதிலிருந்து கணித்தது எப்படி இருக்கும்? அதோடு உலகமும் 1918-ல் இருந்த உலகம் அல்ல. அப்போது பலரைக் கொன்றது ஃப்ளூவுக்குப் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியா. இன்று அதற்கு ஆன்டிபயாட்டிக் இருக்கிறது. இது நமக்குச் சாதகம். காட்டை அழித்து விலங்குகளோடு நெருங்குவது, கோழியையும் பன்றியையும் ஆயிரக்கணக்கில் அடைத்து வளர்ப்பது, ஒரே நாளில் கண்டம் தாண்டும் விமானங்கள் இவையெல்லாம் பாதகம். தராசின் எந்தத் தட்டு தாழும் என்று கேட்டால், புது நோய் கிளம்பும் வாய்ப்பு கூடுகிறது, அதைச் சமாளிக்கும் திறனும் கூடுகிறது என்பதுதான் என் கருத்து. அந்தத் திறனை எல்லா நாடும் ஒழுங்காகப் பயன்படுத்துமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

வைரஸையே நேராகப் பார்த்து எடைபோடும் வழியும் உண்டு. உங்களுக்கு அன்றாடம் உதவப்போவது இதுதான். 'மர்மக் காய்ச்சல், 50 சதவீதம் மரணம்' என்று தலைப்பு வந்தால் நான் அந்த 50-ஐப் பார்ப்பதில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்கு, அவரிடமிருந்து இன்னொருவருக்கு என்று சங்கிலி நீள்கிறதா? அறிகுறி தெரியும் முன்பே பரவுகிறதா? காற்றில் பரவுகிறதா? இந்த மூன்றையும் தேடுவேன். பறவைக் காய்ச்சலைப் பாருங்கள். அதன் ஒரு வகையான எச்5என்1 வைரஸ் மனிதர்களிடம் முதன்முதலில் 1997-ல் ஹாங்காங்கில் 18 பேரைத் தொற்றி 6 பேரைக் கொன்றது. அதன்பிறகு பதிவான நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். ஆனாலும் அது மனிதர்களிடையே தொடர்ந்து பரவக் கற்றுக்கொள்ளவில்லை. 2024-ல் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்குள் புகுந்ததால்தான் நிபுணர்கள் நெற்றியைச் சுருக்கினார்கள். பாலூட்டிகளுக்குள் புழங்கப் புழங்க, மனித உடலுக்கும் பழகிவிடலாம் என்ற கவலை.

கொரோனா வைரஸ் குடும்பத்தில் முன்பே வந்த சார்ஸ் என்ற நுரையீரல் நோயையும் கொரோனாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சார்ஸ் வந்தவர்களில் பத்தில் ஒருவர் இறந்தார். ஆனால் நோயாளி காய்ச்சலில் படுத்த பிறகுதான் அது அதிகம் பரவியது. அதனால் நோயாளிகளைத் தனிமைப்படுத்தியே 2003-ல் அடக்க முடிந்தது. பதிவான மரணம் 774. கொரோனாவில் இறந்தவர்களின் விகிதம் அதைவிடக் குறைவு. ஆனால் தொண்டைகூடக் கரகரக்காத ஆள் ஊரெல்லாம் சுற்றிப் பரப்பினார். பிறகு நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எந்த வைரஸ், எந்த வருஷம் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். 1976-ல் அமெரிக்க ராணுவ முகாம் ஒன்றில் பன்றி ஃப்ளூ வந்து ஒரு வீரர் இறந்தார். 1918 திரும்புகிறது என்று பயந்து 4 கோடிப் பேருக்கு மேல் தடுப்பூசி போட்டார்கள். பெருந்தொற்று வரவே இல்லை. 2009-ல் இதற்கு நேர்மாறு. எல்லோரும் ஆசியப் பறவைகளைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க, வட அமெரிக்காவில் பன்றியிலிருந்து வந்தது.

அப்புறம், உங்கள் விஷயம். அடுத்த பெருந்தொற்று எதுவாக இருந்தாலும், மூச்சுப்பாதையைத் தாக்குவதாக இருந்தால், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு அதிகச் சிக்கல் வரும் என்று எதிர்பார்க்கலாம். உலகம் எதைச் சமாளிக்கிறதோ இல்லையோ, உங்கள் மூன்று மாத சராசரிச் சர்க்கரை உங்கள் கையில் இருக்கிறது. கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி இரண்டைப் பற்றியும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் யாருக்காவது சளிக் காய்ச்சல் என்றால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், மாஸ்க் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஆன்டிபயாட்டிக் வாங்கி அலமாரியில் அடுக்காதீர்கள். வைரஸை அது ஒன்றும் செய்யாது.

தூக்கத்தைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. செய்தியைப் படிக்கும்போது ஆக்சிஜன் குழாயின் சத்தம், அந்த வார்டின் வெளிச்சம் எல்லாம் திரும்ப வருகிறதா? நெஞ்சு படபடக்கிறதா? கெட்ட கனவு வருகிறதா? அப்படியானால் உங்கள் பயம் அடுத்த பெருந்தொற்றைப் பற்றியதாக இல்லாமல் போன பெருந்தொற்றைப் பற்றியதாக இருக்கலாம். உயிர்போகும் கட்டம் வரை போய்த் திரும்பியவர்களுக்கு இது வரும், சிகிச்சையும் இருக்கிறது. மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ இந்த மாதமே பாருங்கள். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். படுக்கும் முன் செய்தி பார்ப்பதையும் நிறுத்திப் பாருங்கள்.

மகளிடம் 'மூடவே மாட்டாங்க' என்று சத்தியம் செய்யாதீர்கள். 'மறுபடி வரலாம், எப்போ என்று யாருக்கும் தெரியாது. ஆனா போன தடவை வைரஸோட மரபணு தெரிஞ்சு ஒரு வருஷத்துக்குள்ளயே தடுப்பூசி வந்துடுச்சு. அடுத்த தடவை 100 நாள்ல கொண்டுவரணும்னு வேலை செஞ்சுட்டு இருக்காங்க' என்று சொல்லலாம். அந்த டப்பாவையும் சீட்டுகளையும் வேண்டுமானால் அவளோடு செய்து பாருங்கள். சிவப்புப் புள்ளியை அவளே வைக்கட்டும்.