இழவு வீட்டில் வராத அழுகை

அன்புள்ள ஐயா,

எனக்கு 52 வயது. மார்ச் மாதம் அப்பா காலமானார். லாரி ஓட்டியவர். மாதத்துக்கு இரண்டு முறைதான் வீட்டுக்கு வருவார். வந்ததும் மஞ்சள் பையைத் திண்ணையில் வைத்து, வாங்கி வந்ததை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார். காரியம் முடியும்வரை எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. சொந்தக்காரர்கள் ‘கல்நெஞ்சுக்காரன்’ என்று பேசியது காதில் விழுந்தது. போன வாரம் மகள் ‘பதேர் பாஞ்சாலி’ என்ற வங்காளப் படத்தைப் போட்டுக் காட்டினாள். அந்தத் தகப்பன் வீடு திரும்பும் இடத்தில் அடக்க முடியாமல் தேம்பிவிட்டேன். மகளே பயந்துவிட்டாள். பெற்ற அப்பாவுக்கு வராத அழுகை, யாரோ நடிப்பதைப் பார்த்து வருகிறதே, இது போலி இல்லையா?

(பெயர் வேண்டாம்)
திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

போலி இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சாவு வீட்டில் மகனுக்கு அழ நேரம் ஏது? ஐஸ் பெட்டிக்குச் சொல்ல வேண்டும், பந்தல்காரர் வந்தாரா என்று பார்க்க வேண்டும், வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்காக எத்தனை மணிவரை வைத்திருப்பது என்று முடிவு செய்ய வேண்டும். அதற்கு மேல், அழுகிறானா என்று நான்கு பேர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். படம் பார்க்கும்போது உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. மார்ச்சில் நின்றுபோனது அங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

எங்கள் ஊரில் எந்த வீட்டில் இழவு விழுந்தாலும் வந்து மாரடித்து அழும் ஒரு பாட்டி இருந்தார். சின்ன வயதில் நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஒப்பாரியின் முதல் இரண்டு அடி இறந்தவரைப் பற்றி இருக்கும். மூன்றாவது அடியில் கிணற்றில் விழுந்து செத்த பாட்டியின் சொந்த மகன் வந்துவிடுவான். கட்டிப்பிடித்து அழும் மற்ற பெண்களும் அப்படித்தான், ஆளுக்கு ஒரு சாவை மனதில் வைத்துக்கொண்டு அழுவார்கள். அதைப் பொய் அழுகை என்று ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. அடுத்தவர் துக்கத்தில் உட்கார்ந்து நம் துக்கத்தை அழுவது நமக்குப் பழைய வழக்கம். கதையும் படமும் அந்த இழவு வீட்டைப்போல ஓர் இடத்தைத்தான் நமக்குத் திறந்துவிடுகின்றன.

சரி, ஏன் சரியாக அந்த இடத்தில் அழுதீர்கள்? அந்தக் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். பிழைப்புத் தேடிப் போன ஹரிஹர் திரும்பி வருகிறார். புயலில் வீடு சிதைந்து கிடக்கிறது. மகள் துர்கா இறந்தது அவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். மனைவி சர்பஜயா வாய் திறக்காமல் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள். அவர் உற்சாகமாகப் பேசிக்கொண்டே சாமான்களை எடுத்துக் காட்டுகிறார். லட்சுமி படம் வருகிறது. அப்புறம் துர்காவுக்கு வாங்கிய சேலை வருகிறது. அதை வாங்கி முகத்தில் அழுத்திக்கொண்டு அவள் உடைகிறாள். அவள் குரல் மட்டும் நமக்குக் கேட்பதில்லை. 1955இல் வந்த தன் முதல் படத்திலேயே சத்யஜித் ராய் இதைச் செய்திருக்கிறார்: அழுகைச் சத்தத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தார் ஷெனாய் என்ற நரம்பு வாத்தியத்தை ஒலிக்கவிட்டார். அவள் குரல் கேட்டிருந்தால் அது சர்பஜயாவின் அழுகையாகவே இருந்திருக்கும். குரலை எடுத்துவிட்டதால் அந்த இடத்தில் நம் வீட்டுக் குரல் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

தொல்காப்பியர் அழுகை பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்பதற்குப் பிறர் இகழ எளியவராவது என்றும், அசைவு என்பதற்கு, முன்பிருந்த நிலை கெட்டு வருந்துவது என்றும் உரை சொல்கிறார்கள். மகளை இழந்தது, வீடு இடிந்தது, கையில் காசில்லாமல் கழிந்த மாதங்கள் என்று நான்கில் மூன்று அந்த ஒரு முற்றத்தில் இருக்கின்றன. இவ்வளவு இருந்தும் யாரும் அங்கே வசனம் பேசவில்லை. என்ன உணர வேண்டும் என்று பின்னணி இசையை வைத்து முன்கூட்டியே மிரட்டும் படங்களைப் பார்த்தாலும் எனக்குக் கண்ணீர் வரும். ஆனால் வெளியே வந்து டீ குடிப்பதற்குள் காய்ந்துவிடும். உங்களுக்கு ஒரு வாரம் கழித்தும் காயவில்லை, கடிதம் எழுத வைத்திருக்கிறது.

உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காத ஒன்று இருக்கிறது. அப்பாவைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருந்தும், பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார் என்பதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஹரிஹர் செய்வதும் அதேதான். நீங்கள் யாரோ ஒரு நடிகருக்காக அழவில்லை, ஐயா. உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் அழுதிருக்கிறீர்கள்.

அப்பா அந்த மஞ்சள் பையிலிருந்து உங்களுக்கென்று என்ன எடுப்பார்? முடிந்தால் எழுதுங்கள். மகளிடமும் சொல்லுங்கள், பாவம், பயந்துபோய் இருக்கிறாள்.

அன்புடன்.