எத்தனை பேரில் எத்தனை பேர்? டெல்லி மருத்துவச் செய்தியாளரின் கேள்வி பதில்

முனிர்கா மாணவி: அக்கா, இந்தத் துறைக்கு எம்.பி.பி.எஸ். படித்திருக்க வேண்டுமா?

வேண்டாம். நான் படித்தது விலங்கியல். ஆய்வுக் கட்டுரையைக் கடைசிப் பக்கம் வரை படிக்கும் பொறுமையும் கொஞ்சம் புள்ளியியலும் போதும். டெல்லியில் இந்தியும் வேண்டும். எய்ம்ஸ் வாசல் நடைபாதையில் படுத்திருக்கும் பீகார்க்காரர், பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்திய சீட்டுகளைக் காட்டுவார். தேதிகளைப் பாருங்கள். முதல் சீட்டுக்கும் ஸ்கேனுக்குக் கொடுத்த நாளுக்கும் இடையே எத்தனை மாதம்? செய்தி அங்கேதான் இருக்கிறது.

கரோல் பாக் வாசகர்: புதிய மாத்திரை மாரடைப்பைப் பாதியாகக் குறைக்கிறதாமே?

எத்தனை பேரில் என்று கேளுங்கள். 1000 பேரில் 2 பேருக்கு வந்தது 1 ஆனாலும் பாதிதான்; 200 பேருக்கு வந்தது 100 ஆனாலும் பாதிதான். முதல் கணக்கில் 1000 பேர் விழுங்கினால் பலன் ஒருவருக்கு. செலவு 1000 பேருக்கும்.

மயூர் விஹார் மருத்துவர்: மருத்துவம் படிக்காதவர்கள் எழுதி நோயாளிகளைக் குழப்புகிறீர்கள். எங்களிடம் விட்டுவிடலாமே?

டாக்டர், குழப்பும் செய்திகள் வருகின்றன, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் துறையை வெளியிலிருந்து யார் சரிபார்ப்பது? 2009 ஜூன் 15 முதல் இந்தியாவில் மனிதர்களிடம் நடத்தும் மருந்துச் சோதனைகளை சி.டி.ஆர்.ஐ. என்ற பொதுப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். எதை அளக்கப்போகிறார்கள் என்பது அதில் இருக்கும். அதையும் வெளியான கட்டுரையையும் அருகருகே வைத்துப் படிப்பேன். பதிவில் உயிரிழப்பை அளப்பதாகச் சொல்லிவிட்டு, கட்டுரையில் ரத்தப் பரிசோதனை அளவைப் பெரிதாகப் பேசினால், ஏன் மாற்றினீர்கள் என்று கேட்பேன். அதற்குப் பட்டம் எதற்கு?

அதே மருத்துவர்: பீதியில் நோயாளி மாத்திரையை நிறுத்தினால் யார் பொறுப்பு?

நியாயமான கேள்வி. பக்க விளைவு பற்றிய கட்டுரைகளில் "மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்" என்பதை முதல் பத்தியிலேயே வைக்கச் சொல்லி ஆசிரியரிடம் சண்டை போடுகிறேன். கடைசியில் வைத்தால் இடமில்லை என்று வெட்டிவிடுவார்கள். நீங்களும் செய்தியாளர் அழைத்தால் தொலைபேசியை எடுங்கள். நீங்கள் எடுக்காத இடத்தில் மருந்து நிறுவனத்தின் அறிக்கைதான் அச்சாகிறது.

ரோகிணி வாசகி: சர்க்கரை நோயை அடியோடு குணமாக்கும் சூரணம் என்று விளம்பரம் பார்த்தேன். வாங்கலாமா?

அப்படி விளம்பரம் செய்வதே, மருந்து மற்றும் மாய சிகிச்சை விளம்பரங்களுக்கான 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வாங்காதீர்கள்.

ஆர்.கே. புரம் வாசகர்: எனக்குத் தைராய்டு. என்ன சாப்பிடலாம்?

மருத்துவரிடம் கேளுங்கள், ஐயா.

துவாரகா மாணவர்: எம்.பி.பி.எஸ். இல்லாமல் வரலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

லஜ்பத் நகர் வாசகி: மஞ்சள் புற்றுநோயைக் கொல்கிறதாமே?

ஆய்வுக்கூடக் குடுவையிலா, எலியிலா, மனிதரிலா? எத்தனை பேரில்? இதைச் சொல்லாத செய்தியைக் குடும்பக் குழுவுக்கு அனுப்பாதீர்கள்.

முனிர்கா மாணவி: நோயாளியின் படத்தை அவர் சம்மதித்தால் போடலாமா?

மருத்துவர் பக்கத்தில் நிற்கும்போது படுக்கையிலிருப்பவர் சொல்லும் "சரி" சம்மதமாகாது. தனியாக, அவர் மொழியில், படம் எங்கே வரும், ஊரில் யாரெல்லாம் பார்க்கக்கூடும் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். தயங்கினால் படமும் வேண்டாம், பெயரும் வேண்டாம்.