வீட்டுக்கு வரும் மனநலக் குழு: என் தம்பியைக் கைகழுவிவிடுகிறார்களா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 34. மனச்சிதைவு நோய்க்காக ஆறு ஆண்டுகளில் நான்கு முறை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். உள்ளே இருக்கும்வரை தேறுகிறான். வீடு திரும்பிய சில மாதங்களில் மாத்திரையை நிறுத்திவிடுகிறான். இந்த முறை, அரசு நிதியில் இயங்கும் சமூக மனநலக் குழு வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பப் பார்க்கிறார்கள். பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது. அவனை நீண்ட காலம் மருத்துவமனையிலேயே வைத்திருப்பது நல்லதில்லையா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

‘உள்ளே இருக்கும்வரை தேறுகிறான்’ என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியிலேயே பதிலின் பாதி இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மாடிசன் நகரத்து அரசு மனநல மருத்துவமனையில் பணியாற்றிய லியோனார்ட் ஸ்டெய்னும் மேரி ஆன் டெஸ்டும் அவர்களுடைய சகாக்களும் இதையேதான் கண்டார்கள். வார்டில் கிடைத்த முன்னேற்றம் வெளியே போன சில மாதங்களில் கரைந்துவிடுவதைப் பார்த்தவர்கள், வார்டு ஊழியர்களையே நோயாளிகள் வாழும் இடங்களுக்கு அனுப்பினார்கள். குறித்த நேரத்துக்கு மருந்து, குறித்த நேரத்துக்கு உறக்கம் என்னும் மருத்துவமனையின் ஒழுங்கை ஒருவர் கையில் கொடுத்து அனுப்ப முடியாது. அவர் வாழும் இடத்தில், அவருடைய நாளுக்கு ஏற்றாற்போல் அதை மெல்ல மெல்ல உருவாக்கத்தான் முடியும்.

இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். மாத்திரையை அடிக்கடி நிறுத்திவிடும் ஒருவரை, ‘ஒத்துழைக்காதவர்’ என்று கோப்பில் எழுதி வைத்திருந்தோம். ஒருநாள் குழுவின் செவிலியருடன் அவர் அறைக்குப் போனேன். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே தரைவிரிப்பு ஒரே கோடாகத் தேய்ந்து, நூல் பிரிந்து கிடந்தது. இரவெல்லாம் நடப்பீர்களா என்று செவிலியர் கேட்டதும், உட்கார்ந்தால் கால் இருப்புக்கொள்ளவில்லை, மாத்திரை போட்டால் இன்னும் மோசமாகிறது என்றார். அது மருந்தின் பக்கவிளைவு. என் அறையில் பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுப் போன மனிதரிடம் நான் அதைக் கேட்கவே இல்லை. மருந்தை மாற்றிய பிறகு அவர் அதை நிறுத்தவில்லை. உங்கள் தம்பி ஏன் நிறுத்துகிறார் என்று இதுவரை யாராவது அவரிடம் கேட்டார்களா?

நன்றாக நடக்கும் ஒரு குழுவில் மனநல மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், வேலைக்கு வழிகாட்டுபவர் எனப் பலர் இருப்பார்கள். எல்லாரும் தினமும் கூடி ஒவ்வொருவரைப் பற்றியும் பேசுவார்கள். மாடிசன் முறையில் ஏறக்குறைய பத்து நோயாளிகளுக்கு ஒரு பணியாளர் என்பது கணக்கு. ஆனால் எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் போதாது. 1999இல் வெளியான பிரிட்டனின் யுகே700 ஆய்வில், பணியாளருக்கான நோயாளிகளின் எண்ணிக்கையைப் பாதிக்கும் கீழே குறைத்தும் மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறையவில்லை. குழுவாகச் சேர்ந்து, விடாமல் தேடிப் போகும் முறை, உங்கள் தம்பியைப் போல் திரும்பத் திரும்ப மருத்துவமனைக்கு வருபவர்களுக்கே அதிகம் உதவுகிறது. ஆகவே இந்த யோசனை அவருக்குப் பொருத்தமானது என்றே கருதுகிறேன்.

ஆனாலும் உங்கள் பயத்துக்கு வரலாற்றில் ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் 1963இல் அதிபர் கென்னடி சமூக மனநல மையங்களுக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். மருத்துவமனைகள் வேகமாகக் காலியாயின. திட்டமிட்ட மையங்களில் பல கட்டப்படவே இல்லை. நோயாளிகள் பலர் தெருவிலும் சிறையிலும் போய்ச் சேர்ந்தார்கள். இதற்கு மாறாக, இத்தாலியின் திரியெஸ்தே நகரில் மனநல மருத்துவர் ஃப்ராங்கோ பசாலியாவும் அவர் சகாக்களும் மனநல மருத்துவமனையை மூடியபோது, அதற்கு ஈடாக இரவும் பகலும் திறந்திருக்கும், சில படுக்கைகளும் கொண்ட மையங்களை நகரத்துக்குள் நிறுவினார்கள். குழு இல்லாமல் வீட்டுக்கு அனுப்புவதற்குத்தான் கைகழுவுதல் என்று பெயர்.

எனவே சம்மதிக்கும் முன் சிலவற்றைத் தெளிவாகக் கேளுங்கள். தம்பிக்கென்று பொறுப்பேற்கும் பணியாளர் யார், முதல் வருகை எந்தத் தேதியில்? வீடு திரும்பிய முதல் சில வாரங்கள் ஆபத்தானவை என்பதால், ஒரு வாரத்துக்குள் அவர்கள் வந்தாக வேண்டும். அவர் கதவைத் திறக்காவிட்டால் மறுநாளும் வருவார்களா, அல்லது பெயரை அடித்துவிடுவார்களா? நள்ளிரவில் நிலைமை மோசமானால் யாரை அழைப்பது? படுக்கை தேவைப்பட்டால் தடையின்றிக் கிடைக்குமா? மாதம் ஒரு முறையோ அதைவிட நீண்ட இடைவெளியிலோ போடும் ஊசி மருந்து அவருக்கு ஏற்றதா என்றும், ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை ஆகியவற்றை யார் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள், பெரும்பாலும் இதயநோய் போன்ற உடல் நோய்களால். கேள்விகளுக்கு மழுப்பலான பதில் வந்தால், தெளிவு கிடைக்கும்வரை அனுப்ப வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

தூக்கம் கெடுவது, பேச்சு குறைவது என அவருடைய முந்தைய வீழ்ச்சிகளுக்கு முன் நீங்கள் கண்ட அறிகுறிகளை ஒரு தாளில் எழுதிக் குழுவிடம் கொடுங்கள். சாக வேண்டும் என்றோ, கொல்லச் சொல்லும் குரல் கேட்கிறது என்றோ அவர் சொன்னால், குழுவின் வருகைக்காகக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். குழு வரப்போவதைத் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். வருகிறவர்கள் எந்த நேரத்தில் வரலாம், எங்கே உட்கார்ந்து பேசலாம் என்பதை அவரே முடிவு செய்யட்டும்.