பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தன்விளக்கக் கட்டுரை ஏன் கேட்கப்படுகிறது?

ஒரு பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறார், அதற்கு எவ்வாறு ஆயத்தமாகியிருக்கிறார் என்பதை விண்ணப்பதாரர் தம் சொற்களிலேயே எழுதித் தருவதுதான் தன்விளக்கக் கட்டுரை. ஒரே மதிப்பெண் பெற்ற பலருள் யாரைச் சேர்ப்பது என்பதற்கு மதிப்பெண் பட்டியல் விடை தராது. ஒருவரின் புகைப்படத்தைப் பார்ப்பதற்கும் அவரோடு சற்று நேரம் பேசுவதற்கும் உள்ள வேறுபாடுதான் மதிப்பெண் பட்டியலுக்கும் இக்கட்டுரைக்கும் உள்ளது. பிரிட்டனில் பல்கலைக்கழக விண்ணப்பங்களைப் பெறும் பொது அமைப்பான யூகாஸ் (UCAS) வழியாக விண்ணப்பிப்போருக்கு, 2026 சேர்க்கை முதல் இக்கட்டுரை மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இடைவெளிகள் உட்பட மொத்தம் 4,000 எழுத்துகளுக்கே இடமுண்டு. ஆகவே, “எனக்கு இயற்பியலில் பேரார்வம்” என்று அறிவிப்பதைவிட, படித்த நூலொன்று எழுப்பிய ஐயத்தையும் அதைத் தீர்க்கத் தாம் முயன்ற விதத்தையும் விவரிப்பது பன்மடங்கு வலுவானது என்பதை அழுத்தமாகவே சொல்வேன். சாதனைகள் அனைத்தையும் அடுக்கினால் கட்டுரை சிறக்கும் எனப் பலர் எண்ணுகின்றனர். பாடத்தோடு தொடர்பில்லாத பரிசுகள் அங்கே இடத்தை மட்டுமே அடைக்கின்றன.