கேம்ஷாஃப்ட் வாங்கும் முன் கன்வெர்ட்டரையும் கேளுங்கள்

இந்த வாரக் கடிதங்கள் எல்லாம் பழைய அமெரிக்க வி8 கார் வைத்திருப்பவர்களிடமிருந்து வந்தவை. எல்லாமே ஆட்டோமேட்டிக் வண்டிகள். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டைத் (சுருக்கமாகக் கேம்) தனியாகவும், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியே இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரைத் தனியாகவும் வாங்கியதால் வந்த தொல்லைகள்தான் அதிகம்.

கேள்வி: 1972 செவி நோவா, 350 (கன இன்ச்) இன்ஜின், டர்போ 350 கியர்பாக்ஸ். தினமும் வேலைக்குப் போகும் வண்டி. 0.050 இன்ச் தூக்கலில் அளந்தால் 236 டிகிரி டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் அளவு) உள்ள கேம் போட்டேன். நியூட்ரலில் நன்றாக உறுமுகிறது. டிரைவில் தள்ளினால் அணைந்துவிடுகிறது. கார்புரேட்டரை மாற்றவா? (ஹூஸ்டன்)

பதில்: கார்புரேட்டரைத் தொடாதீர்கள். வால்வுகள் அவ்வளவு நேரம் திறந்திருந்தால் குறைந்த ஆர்பிஎம்மில் இன்ஜினுக்கு இழுவை இருக்காது. வண்டியோடு வந்த கம்பெனி கன்வெர்ட்டரோ ஐட்லிங்கிலேயே இன்ஜினைப் பிடித்து இழுக்கப் பார்க்கிறது. அந்தக் கேமை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் 3000 ஆர்பிஎம் அளவில் ஸ்டால் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஏற முடிகிற எல்லை) உள்ள கன்வெர்ட்டரும், தனி ஆயில் கூலரும், 3.73 விகிதம் போன்ற கிரவுன்-பினியனும் (பின் அச்சின் பல்சக்கர ஜோடி) வேண்டும். கடையில் உங்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும். தினமும் சிக்னலில் நிற்கிற வண்டிக்கு 215 டிகிரியை ஒட்டிய கேமே போதும். மாற்றினால், கேம் தள்ளும் லிஃப்டர்களையும் புதிதாகவே போடுங்கள். ஃபிளாட் டாப்பெட் (அடி தட்டையான லிஃப்டர்) கேமில் பழைய லிஃப்டர் போட்டால் கேமின் மேடான லோப் தேய்ந்து போகும்.

கேள்வி: கன்வெர்ட்டர் பெட்டியில் ‘2400–2800 ஸ்டால்’ என்று இருக்கிறது. என் 305 இன்ஜினில் 2000-ஐத் தாண்டவில்லை. ஏமாற்றிவிட்டார்களா? (டெட்ராய்ட்)

பதில்: பொருள் பழுதாக இருக்க வேண்டியதில்லை. பழுது அந்த எண்ணை அச்சிடும் வழக்கத்தில் இருக்கிறது. இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன், மறுபடியும் சொல்கிறேன்.

டார்க் கன்வெர்ட்டர் ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கருவியின் வழி வந்தது. இன்ஜினோடு சுற்றும் இம்பெல்லர், கியர்பாக்ஸோடு இணைந்த டர்பைன் மேல் ஆயிலை வீசுகிறது. நடுவில் உள்ள ஸ்டேட்டர் திரும்பி வரும் ஆயிலைத் திசைமாற்றி மீண்டும் தள்ளுகிறது. வண்டி புறப்படும் நொடியில் இன்ஜினின் டார்க் (சுழற்றும் விசை) ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கியர்பாக்ஸுக்குப் போவது இதனால்தான். டர்பைன் அசையாமல் நிற்கும்போது இன்ஜின் எவ்வளவு ஆர்பிஎம் வரை ஏற முடிகிறதோ அதுதான் ஸ்டால். ஏற்றுவது இன்ஜினின் டார்க். ஆகவே ஒரே கன்வெர்ட்டர் 454 பிக் பிளாக் என்ற பெரிய இன்ஜினின் பின்னால் ஒரு எண்ணையும், உங்கள் 305-ன் பின்னால் அதைவிடக் குறைந்த எண்ணையும்தான் காட்டும். எந்த இன்ஜின் என்று சொல்லாமல் அச்சிட்ட எண் வாங்குபவருக்கு எதையும் சொல்வதில்லை. அதைக் காட்டி நானூறு, ஐநூறு டாலர் வாங்குகிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான்.

எனக்கும் நடந்திருக்கிறது. ‘3000 ஸ்டால்’ என்று ஒரு கடை விற்றதைப் பிரித்துப் பார்த்தபோது, பழைய கம்பெனி கன்வெர்ட்டருக்குப் புது பெயின்ட் அடித்திருந்தார்கள். பணம் திரும்ப வரவில்லை.

வண்டியின் எடை, கிரவுன்-பினியன் விகிதம், டயரின் உயரம், கம்ப்ரஷன், கேம் கார்டு (கேமோடு வரும் அளவுச் சீட்டு): இந்த ஐந்தையும் கேட்காமல் கன்வெர்ட்டர் விற்கிறவரிடம் வாங்காதீர்கள். நல்ல தயாரிப்பாளர்கள் சிலர் ஸ்டால் சரியாக வராவிட்டால் ஒருமுறை இலவசமாகத் திறந்து மாற்றித் தருகிறார்கள். அதை எழுத்தில் வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.

கேள்வி: 3000 ஸ்டால் போட்டால் வண்டி 3000-ஐத் தொடும்வரை நகராதா? (டல்லாஸ்)

பதில்: நகரும். மெதுவாக மிதித்தால் மெதுவாகவே புறப்படும்.

கேள்வி: பெரிய கேம் போட்ட பிறகு பிரேக் பெடல் கல் மாதிரி இருக்கிறது. பழகிவிடுமா? (அட்லாண்டா)

பதில்: பழகக் கூடாது, ஓட்டவும் கூடாது. பெரிய கேம் இன்ஜினின் வேக்குவத்தை (உறிஞ்சும் அழுத்தம்) குறைத்துவிடும். வேக்குவம் கேஜ் மாட்டிப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள சாதாரண இன்ஜின் ஐட்லிங்கில் 18 இன்ச்சை (பாதரச அளவு) ஒட்டிக் காட்டும். உங்களுடையது 10-க்குக் கீழே இருந்தால், பிரேக்கை லேசாக்கும் பூஸ்டருக்கு உயிர் இல்லை. மின்சார வேக்குவம் பம்ப் போடுங்கள், அல்லது கேமைக் குறையுங்கள். டர்போ 350 கியர்பாக்ஸில் உள்ள மாடுலேட்டர் என்ற பாகமும் அதே வேக்குவத்தை நம்பித்தான் கியர் மாற்றுகிறது.

கேள்வி: 1979 கமாரோ. ‘கலிஃபோர்னியாவில் செல்லும்’ என்று சொல்லி விற்ற கேமைப் போட்டேன். ஸ்மாக் (புகை) சோதனையில் தோற்றுவிட்டது. ‘பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்’ என்கிறார்கள். (சான் ஹோசே)

பதில்: உங்கள் மேல் தவறில்லை. கேட்டுத்தான் வாங்கியிருக்கிறீர்கள், அவர்கள் பொய் சொல்லியிருக்கிறார்கள். அங்கே பழைய பெட்ரோல் வண்டிகளில் 1975 வரையிலான மாடல்களுக்குத்தான் ஸ்மாக் சோதனை கிடையாது. உங்கள் வண்டிக்குப் போடும் இத்தகைய பாகத்துக்கு மாநிலக் காற்று வள வாரியத்தின் ‘இஓ’ (அனுமதி ஆணை) எண் வேண்டும். அந்த எண்ணைக் கடையிடம் எழுத்தில் கேளுங்கள். தர முடியாவிட்டால் அதுவே உங்கள் சான்று. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், பில் அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் கார்டு நிறுவனத்துக்குக் கடிதமாகவே ஆட்சேபம் அனுப்புங்கள். போனில் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். விளம்பரத்தின் படத்தையும் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: எந்த வண்டியில் இருந்தது என்று தெரியாத கன்வெர்ட்டர், நூறு டாலர். வாங்கலாமா? (சிகாகோ)

பதில்: வேண்டாம். பழைய கியர்பாக்ஸ் தேய்ந்த இரும்புத் தூள் உள்ளே தங்கியிருந்தால் கழுவி எடுக்க முடியாது. உங்கள் நல்ல கியர்பாக்ஸும் போகும்.

கேள்வி: எல் கமினோ, 3.73 கிரவுன்-பினியன், 26 இன்ச் டயர். 700ஆர்4 கியர்பாக்ஸ் போடப் போகிறேன். 2800 ஸ்டால் கன்வெர்ட்டரில் லாக்-அப் (வழுக்காமல் பூட்டிக்கொள்ளும் கிளட்ச்) உள்ளது, இல்லாதது என இரண்டு வகை. இல்லாதது விலை குறைவு. நெடுஞ்சாலையில்தான் அதிகம் ஓட்டுவேன். (டொராண்டோ)

பதில்: லாக்-அப் உள்ளதையே வாங்குங்கள். 105 கிலோமீட்டர் வேகத்தில், ஓவர்டிரைவின் 0.70 விகிதத்தில், உங்கள் இன்ஜின் ஏறத்தாழ 2200 ஆர்பிஎம்மில் சுற்றும். அது கன்வெர்ட்டரின் ஸ்டாலுக்குக் கீழே. லாக்-அப் இல்லாவிட்டால் மணிக்கணக்கில் வழுக்கிக்கொண்டே ஆயிலைச் சூடாக்கும். மிச்சம் பிடித்த பணத்தைவிட அதிகமாக கியர்பாக்ஸின் கிளட்ச் பிளேட்டுகளுக்குக் கொடுக்க வேண்டிவரும். இன்னொன்று: 700ஆர்4-ல் கார்புரேட்டரோடு இணையும் டிவி (த்ராட்டில் வால்வு) கேபிள் இருக்கிறது. வேறு கம்பெனி கார்புரேட்டர் என்றால் அதற்கான திருத்தும் பிராக்கெட்டையும் சேர்த்தே வாங்குங்கள். கேபிள் தளர்வாக இருந்தால் ஆயில் அழுத்தம் குறைந்து, சில மைல் தூரத்திலேயே புது கியர்பாக்ஸ் கருகிவிடும். அதைச் சரிபார்க்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.