நீல மூடிக்குள் எதை ஊற்றுவது?

கேள்வி: ஜப்பானிலிருந்து இறக்கிய 2.8 டீசல் லான்ட் குரூசர் 250 ஒன்றை அண்மையில் வாங்கினோம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கையில்தான் நிறுத்துகிறோம். வார நாட்களில் கோட்டையிலுள்ள அலுவலகத்துக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் ஓட்டம், மாதம் ஒருதடவை யாழ்ப்பாணம். இப்போது திரையில் ஜப்பானிய எழுத்தில் ஓர் எச்சரிக்கை வருகிறது, பக்கத்தில் கிலோமீற்றர் எண் குறைந்துகொண்டே போகிறது. வாகனத்தை எடுத்துத் தந்த தரகர், "யூரியாத் தண்ணி முடியுது, 20 லீற்றர் கான் மலிவா எடுத்துத் தாறன், இல்லாட்டி அந்த சிஸ்டத்தையே கட் பண்ணிவிடலாம்" என்கிறார். முன் பார், ஸ்நோர்க்கல் (எஞ்சினுக்குக் காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய்), அண்டர்சீல் (அடிப்பக்கத்துக்கு அடிக்கும் துருத்தடுப்புப் பூச்சு) மூன்றுக்கும் சேர்த்து ஒரு விலையும் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: கானும் வேண்டாம், கட்டும் வேண்டாம். அந்த எண் பூச்சியத்துக்கு வருவதற்குள் சரியான திரவத்தை ஊற்றுங்கள். பூச்சியமானாலும் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் நடுவீதியில் நிற்காது. ஆனால் நிறுத்திவிட்டால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது. இது பழுதல்ல, அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்.

ஜப்பான் சந்தைக்குச் செய்த இந்த டீசல் எஞ்சினின் புகைக்குழாயில், நைதரசன் ஒட்சைட்டுகளைக் குறைக்க அட்புளூ என்ற திரவம் தெளிக்கப்படுகிறது. 32.5 வீதம் மிகத் தூய யூரியா, மிச்சம் கனியுப்பு நீக்கிய நீர், அவ்வளவுதான். தரகர் சொல்லும் 'யூரியாத் தண்ணி' பெரும்பாலும் வயலுக்குப் போடும் யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்தது. உர யூரியாவில் பையூரெட்டும், மணிகள் கட்டிப்படாமலிருக்கச் சேர்க்கும் பொருட்களும் உண்டு. குழாய்த் தண்ணீரில் கல்சியம் உண்டு. இவை தெளிப்பான் முனையை அடைத்து, உள்ளேயுள்ள வினையூக்கியின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். ஊற்றிய அன்று ஒன்றும் தெரியாது. சில மாதங்களில் எஞ்சின் விளக்கு எரியும்போது தரகர் தொலைபேசியை எடுக்கமாட்டார். தெளிப்பானும் வினையூக்கியும் மாற்றப் பல இலட்சம் போகும்.

வாங்கும்போது பார்க்கவேண்டியவை இவை. கான் முத்திரை உடையாமல் இருக்க வேண்டும். அதில் ஐஎஸ்ஓ 22241 என்ற தர எண், தொகுதி எண், உற்பத்தித் திகதி மூன்றும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். திரவம் தண்ணீரைப் போல நிறமற்றதாக இருக்கும். பெயரில் நீலம் இருப்பதால் நீலச் சாயம் கலந்து விற்பவர்களும் உண்டு, அதைத் தொடவே வேண்டாம். மூடியைத் திறந்ததும் அமோனியா மூக்கைத் துளைத்தால் பழசு. வெப்பம் இதன் எதிரி. 25 பாகையில் 18 மாதம் கெடாதது, 30 பாகையில் ஒரு வருடம், 35 பாகையில் ஆறு மாதம்தான் தாங்கும். தகரக் கூரைக்கடியில் அடுக்கிவைத்த கடையில் திகதி புதிதாக இருந்தாலும் நம்பவேண்டாம். நீங்களும் ஒரு கானை வாங்கி வாகனத்தின் பின்னால் போட்டுக்கொண்டு திரியாதீர்கள்.

சில கராஜ்களில் ஒரு சிறு குழலில் இரண்டு துளி விட்டு வெளிச்சத்தில் பார்த்து, "சரியா 32.5 காட்டுது, ஒறிஜினல்" என்பார்கள். அந்தக் கருவி செறிவை மட்டும்தான் காட்டும். உர யூரியாவைக் கணக்காகக் கரைத்தாலும் அதே 32.5 வரும். தூய்மையை அது சொல்லாது.

ஊற்றும் இடம் நீல மூடி போட்ட வாய். டீசலுக்கோ ஒயிலுக்கோ பாவித்த புனல் கூடாது; கானோடு வரும் குழாயையே பாவியுங்கள். விளிம்புவரை நிரப்பாதீர்கள். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், காய்ந்தால் வெள்ளை உப்பாகிப் பூச்சையும் உலோகத்தையும் அரிக்கும். பிறகு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சுவிட்சை மட்டும் போட்டுச் சற்றுப் பொறுத்தால் எண் மாறும். 1,000 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 1 லீற்றர் போகும், ஆகவே யாழ்ப்பாணப் பயணத்துக்கு முன் திரையிலுள்ள கிலோமீற்றர் எண்ணைப் பார்த்துக்கொள்வது போதும். பெற்றோல் செட்டில் பையன் தவறி இதை டீசல் தாங்கிக்குள் ஊற்றிவிட்டால் சுவிட்சைக்கூடப் போடாதீர்கள். போட்டால் எரிபொருள் பம்ப் அதை இழுத்து, உயர் அழுத்தப் பம்ப்வரை கொண்டுபோய்விடும். அந்த இடத்திலிருந்தே கட்டியிழுத்துச் சென்று தாங்கியை இறக்கிக் கழுவ வேண்டும்.

'கட் பண்ணுவது' என்பது, எல்லாம் சரியாக இருப்பதாகக் கணினிக்குப் பொய் சொல்லும் மென்பொருளோ சிறு பெட்டியோ வைப்பது. அதைச் செய்தாலும் வருடாந்தப் புகைப் பரிசோதனையில் சித்தியடைந்துவிடுகிறார்கள். டீசலுக்கு அங்கே புகையின் அடர்த்தியைத்தான் அளக்கிறார்கள், நைதரசன் ஒட்சைட்டுகளை அளப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத நஞ்சைப் பார்க்காமலே சான்றிதழ் கொடுக்கும் முறையை வைத்துக்கொண்டு கொழும்பின் காற்றைப் பற்றிக் கருத்தரங்கு நடத்தி என்ன பயன்? உங்களுக்கு வரும் நட்டம் வேறு. பிறகு உண்மையாகவே ஒரு சென்சர் பழுதானால் எந்தப் பிழைக் குறியீட்டையும் நம்பமுடியாது, நேர்மையான கராஜ்காரர் கைவைக்க மறுப்பார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் வார நாள் ஓட்டம்தான் இந்த எஞ்சினுக்குப் பிடிக்காத ஓட்டம். புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி, சேர்ந்த கரியை 600 பாகையளவு வெப்பத்தில் தானாக எரித்துக்கொள்ளும். அதற்குத் தொடர்ச்சியான ஓட்டம் வேண்டும். காலி வீதியில் ஊர்ந்து கோட்டைக்குப் போய் நிறுத்தினால் எரிப்பு பாதியில் நின்றுவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருதடவையாவது பேலியகொடையில் ஏறிக் கட்டுநாயக்கவரை நெடுஞ்சாலையில் ஒரே சீராகப் போய் வாருங்கள். ஒருவழி 25 கிலோமீற்றர் சொச்சம், அதுவே போதும். நிறுத்தும்போது மின்விசிறி பலமாகச் சுழன்று சூட்டு வாடை வந்தால் எரிப்பு நடக்கிறது என்று பொருள். முடிந்தால் இன்னும் பத்து, பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். யாழ்ப்பாணம் போகும் வாரத்தில் இது தேவையில்லை.

எப்போதும் சுப்பர் டீசலே அடியுங்கள். ஜப்பானில் விற்கும் டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது, அந்த டீசலுக்குத்தான் இந்த எஞ்சினைச் செய்தார்கள். நமது ஓட்டோ டீசலில் கந்தகம் கூட. பம்பில் விலையைப் பெரிதாகக் காட்டுகிறவர்கள் கந்தக அளவையும் ஒரு வரியில் எழுதிப்போட்டால் என்ன? ஒயில், சாம்பல் குறைந்த டிஎல்-1 தரத்து 0டபிள்யூ-30. வடிகட்டியோடு சேர்த்து 7.5 லீற்றர் பிடிக்கும். "டீசலுக்குத் தடிப்பான ஒயில்தான் நல்லது" என்று 15டபிள்யூ-40 ஊற்றினால் அதன் சாம்பல் டிபிஎஃபில் போய்த் தங்கும். கரி எரியும், சாம்பல் எரியாது. நகர ஓட்டத்துக்கு 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். பஞ்சிகாவத்தையில் ஒயில் வாங்கினால் பில்லில் தரக் குறியீட்டையும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்கவேண்டாம்.

இனி அந்த மூன்று பொருட்கள்.

முன் பார் வேண்டாம். வாகனத்தின் முன்பகுதி மோதலின்போது நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்ளும்படி கணக்கிட்டுச் செய்யப்பட்டது. பார் அந்தக் கணக்கைக் குழப்பும். காற்றுப்பை விரியும் நேரமும் மாறக்கூடும். தானாக பிரேக் பிடிக்கும் ராடார் முன்பகுதியில் இருக்கிறது, அதன் பார்வையை ஓர் இரும்புக் குழாய் மறைத்தால் அந்தப் பாதுகாப்பே போய்விடும். வெள்ளவத்தைக்கும் கோட்டைக்கும் இடையில் அது முட்டப்போவது ஓட்டோவையும் நடந்து போகிறவரையும்தான்.

ஒரேயொரு விதிவிலக்கு உண்டு, உங்கள் மாதாந்தப் பயணம் அதற்குள் வரக்கூடும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். மதவாச்சிக்கு வடக்கே ஏ9 வீதியில் இரவில் ஓடுவது உங்களுக்குத் தவிர்க்கமுடியாதது என்றால், தார் வீதியில் சூட்டுக்குப் படுத்திருக்கும் மாடுகளை நினைத்துப் பார் போடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்தப் பார் என்பதுதான் விடயம். 250 மொடலுக்கென்றே வார்த்ததாக, சட்டகத்தில் போல்ட் போடும் வகையாக, காற்றுப்பைக்கு ஒத்துவரும் என்று தயாரிப்பாளர் எழுத்தில் தருவதாக, ராடாருக்கும் பார்க்கிங் சென்சர்களுக்கும் இடம் விட்டதாக இருக்க வேண்டும். கராஜில் குழாய் வளைத்து வெல்டிங் பண்ணியதோ, பழைய பிராடோவின் பாரைத் துளை மாற்றிப் போட்டதோ இதில் சேராது. பொருத்தியபின் ஸ்கேன் கருவி உள்ள இடத்தில் ராடாரைத் திரும்பச் சீர்செய்ய வேண்டும். இரும்புப் பாரின் எடை முன்னுக்கு இறங்குவதால் ஹெட்லைட் உயரத்தையும் சரிபார்க்க வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, பதிலை வாகனக் கோப்பில் வையுங்கள். தொலைபேசியில் சொன்னேன் என்பது இழப்பீடு கேட்கும் நாளில் எடுபடாது. இத்தனையும் செய்தபிறகும் யானைக்கு முன்னால் எந்தப் பாரும் பயனில்லை. முடியுமானால் விடிய வெளிக்கிட்டு, வெளிச்சத்திலேயே வன்னியைக் கடந்துவிடுங்கள். அப்படிப் போகக்கூடியவர் என்றால் இந்த விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்தாது, பாரும் தேவையில்லை.

ஸ்நோர்க்கல் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இந்த வாகனம் கடக்கக்கூடிய நீரின் ஆழம் 700 மில்லிமீற்றர், ஸ்நோர்க்கல் போட்டாலும் அந்த ஆழம் அதிகரிக்காது. கதவுக்குள் தண்ணீர் வந்தால் கம்பளத்துக்கடியில் மின்னிணைப்புகள் நனையும். அதோடு மட்கார்டை வெட்டவேண்டும், வெட்டிய விளிம்பில் உங்கள் ஒழுங்கையின் உப்புக் காற்று வேலையைத் தொடங்கும். அந்தக் காசைக் கொண்டு காப்புறுதியில் வெள்ளமும் இயற்கை அனர்த்தமும் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் சேருங்கள்.

அண்டர்சீல்தான் இவற்றில் மோசமான பொறி, ஏனென்றால் கடற்கரைவாசிக்கு அது நியாயமாகத் தெரியும். தார்போன்ற கறுப்புப் பூச்சைத் தடிப்பாக அடித்தால் சட்டகத்தின் வடிகால் துளைகள் அடைபடும். பூச்சு வெடித்த இடத்தில் உப்புநீர் நுழைந்து வெளியே வர வழியில்லாமல் தங்கும். துரு உள்ளிருந்து தின்னும், வெளியே கறுப்பாகப் பளபளக்கும். உங்களுக்குத் தேவை இரண்டே வேலை. வாரம் ஒருதடவை நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், சட்டகத்தின் உட்குழிக்குள்ளும் நீர் போகட்டும். வருடத்துக்கு ஒருதடவை, மழைக்காலத்துக்கு முன், நன்றாகக் காயவைத்து மெழுகு அல்லது லனோலின் வகைப் பூச்சை மெல்லியதாக உள்ளும் புறமும் தெளிப்பியுங்கள். புகைக்குழாய், பிரேக், சென்சர்கள், ரப்பர் புஷ்கள் இவற்றை மூடிக்கட்டிய பின்பே தெளிக்க வேண்டும். சில சேர்விஸ் ஸ்டேஷன்களில் கழுவியபின் பழைய ஒயிலையும் டீசலையும் கலந்து அடியில் விசிறுவார்கள். ரப்பர் ஊதி வெடிப்பதற்கு அது நேர்வழி, முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

திரையின் ஜப்பானிய மொழியை மாற்றித் தருவதாக அடுத்து ஒருவர் வருவார். ஒறிஜினல் மென்பொருளின் பிரதியைக் கையில் தருகிறவரிடம் மட்டும் அதைக் கொடுங்கள். ஜப்பானிய எஃப்எம் அலைவரிசை 76இல் தொடங்கி 95இல் முடிவதால் நமது 100க்கு மேற்பட்ட நிலையங்கள் கேட்காது. அதற்கு அன்ரெனாக் கம்பியில் செருகும் சிறிய அலைவரிசை மாற்றி போதும், ரேடியோவையே கழற்றி வேறு திரை போடவேண்டியதில்லை.